சைவ மீன்

எங்கள் வீட்டு மீன்களை விரதம் இருக்கவைத்தவள் நான். அப்போது எனக்குப் பத்து வயது. பக்தி வயதை மீறி இருந்தது. புத்தியைப் பற்றி யாரும் அப்படிச் சொன்னதில்லை.

கிள்ளானில் ஒட்டி ஒட்டிக் கட்டிய வரிசை வீடுகளில் ஒன்று எங்களுடையது. வாசலில் ஒரு கார் நிற்கிற அளவுக்குச் சிமெண்டுத் தரை, அதைத் தாண்டினால் ஹால், ஹாலின் ஒரு சுவர் முழுக்க அப்பாவின் மீன்தொட்டி. ஆறடி நீளம். அப்பா துறைமுகத்திலிருந்து சரக்கு லோரி ஓட்டினார். மற்ற வீட்டு அப்பாக்கள் வேலை முடிந்து டிவி முன்னால் உட்காருவார்கள். எங்கள் அப்பா தொட்டி முன்னால் உட்காருவார். அந்தச் சுவரோரம் ஒரு நல்ல சோபா போடலாமே என்று அம்மா பல வருஷம் சொல்லிப் பார்த்துவிட்டு, பிறகு விட்டுவிட்டாள்.

தொட்டியில் இருந்தவை எட்டு லோச் மீன்கள். ஆரஞ்சு உடம்பு, அதில் மூன்று கறுப்புப் பட்டை, சிவந்த வால், வாயோரத்தில் குட்டி மீசை. பள்ளிக்கூட ரூலரில் பாதி நீளம் இருக்கும். தமிழ்நாட்டிலிருந்து வேலைக்கு வந்து பக்கத்துச் சாப்பாட்டுக் கடையில் சமைத்துக்கொண்டிருந்த அண்ணன் ஒருவர் ஒருநாள் அவற்றைப் பார்த்துவிட்டு, இது எங்கள் ஊர் அயிரைக்குச் சொந்தம்தான், குழம்பு வைத்தால் பிரமாதமாக இருக்கும் என்று சொல்லிவிட்டார். அப்பாவின் முகம் போன போக்கைப் பார்த்தவர் அதன்பிறகு எங்கள் வீட்டுப் பக்கம் வருவதைக் குறைத்துக்கொண்டார். அப்பாவுக்கு அவை மீன்கள் இல்லை, 'பயலுங்க'.

பயலுங்க தரையை விட்டு மேலே வரமாட்டார்கள். நடுவில் கிடக்கும் மரக்கட்டைக்கு அடியில் ஒருவர்மேல் ஒருவர் சாய்ந்து படுத்திருப்பார்கள், தீனி விழுந்தால் மணலை மோந்துகொண்டு புறப்படுவார்கள். பிடித்த சாப்பாடு கிடைத்துவிட்டால் 'டிக், டிக்' என்று ஒரு சத்தம் வரும். யாரோ பேனா மூடியைக் கழற்றிக் கழற்றி மாட்டுவது போலக் கண்ணாடிக்கு வெளியேயும் கேட்கும். அந்தச் சத்தம் கேட்கிற நாளில் அப்பா அம்மாவின் சமையலையும் சேர்த்துப் பாராட்டுவார்.

அந்த வருஷம் தீபாவளிக்கு முன்னால் அப்பாவின் வயிற்றில் கட்டி இருக்கிறது என்றார்கள். மூன்று வாரம் ஆஸ்பத்திரியில் இருந்தார். பிறகு வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். இனி இங்கே செய்ய ஒன்றுமில்லை, வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று டாக்டர் சொன்னதாகச் சித்தப்பா அத்தையிடம் வாசலில் நின்று சொன்னது என் காதில் விழுந்தது. எனக்கு அப்பாடா என்று இருந்தது. பள்ளியில் கொடுத்த வேலையை முடித்தவர்களைத்தான் முதலில் வெளியே விடுவார்கள். அப்பாவுக்குச் செய்ய வேண்டியதையெல்லாம் செய்து முடித்துவிட்டார்கள், இனி உடம்பு தேறவேண்டியதுதான் பாக்கி என்று எடுத்துக்கொண்டேன். அத்தை ஏன் முகத்தைத் துணியால் மூடிக்கொண்டார் என்று நான் யோசிக்கவில்லை.

சித்தப்பா, அப்பாவின் தம்பி, ஷா ஆலத்தில் ஒரு தொழிற்சாலையில் வேலை செய்தார். அவர்தான் எங்கிருந்தோ ஆஸ்பத்திரிக் கட்டில் ஒன்றை இரவல் வாங்கிவந்து ஹாலில் போட்டார். மாடிப்படி ஏற அப்பாவால் முடியாது. கட்டிலைத் தொட்டிக்கு எதிரே போட்டதில் அப்பாவுக்குச் சந்தோஷம்தான். சில மதிய வேளைகளில் அவர் கட்டிலின் பக்கக் கம்பியை இறுக்கிப் பிடித்துக்கொள்வார். உடனே அம்மா என்னைக் கடைக்கு அனுப்புவாள். உப்பு தீர்ந்துவிட்டது, சீனி தீர்ந்துவிட்டது என்பாள். அந்த டிசம்பரில் எங்கள் வீட்டில் தீராத உப்பு நிறைய இருந்தது.

தைப்பூசத்துக்கு நாற்பத்தெட்டு நாள் இருக்கும்போது அம்மா விரதம் தொடங்கினாள். பத்துமலைக்கு மூன்று வருஷம் பால்குடம் எடுப்பதாக வேண்டுதல். பாத்திரங்களையெல்லாம் மஞ்சள் போட்டுக் கழுவினாள். விடிகாலையில் தலைக்குக் குளித்தாள், தரையில் பாய் விரித்துப் படுத்தாள். என்ன வேண்டிக்கிட்டீங்க என்று கேட்டேன். வேண்டுதலை வெளியே சொல்லக்கூடாது என்றாள். எனக்கு அவள் சொல்லித்தான் தெரியவேண்டும் என்று இல்லை. எங்கள் வீட்டில் வேண்டிக்கொள்ள வேறு என்ன இருந்தது? நானும் இருக்கிறேன் என்று அடம்பிடித்து விரதத்தில் சேர்ந்துகொண்டேன். பள்ளி விடுமுறை என்பதால் அம்மாவும் தடுக்கவில்லை.

ஐஸ்பெட்டியிலிருந்து கோழியும் மீனும் பக்கத்து வீட்டு மலாய்க்கார அம்மாவுக்குப் போயின. அவரை மக்சிக் என்று கூப்பிடுவோம். கடைசியாக ஒரு பொட்டலம் மட்டும் அம்மாவின் கையில் தயங்கி நின்றது. பயலுங்களுக்கான இறால். வாயில்லா ஜீவனுக்கு விரதம் கிடையாது என்று அம்மா தனக்குத்தானே சொல்லிக்கொண்டு அதையும் மக்சிக்கின் ஐஸ்பெட்டியில் வைக்கச் சொன்னாள். தினமும் சாயங்காலம் நான் போய் மூன்று இறால் எடுத்து, தோலுரித்து, பொடியாக நறுக்கித் தொட்டியில் போட்டுவிட்டுக் கையைக் கழுவிக்கொண்டு வீட்டுக்குள் நடமாடவேண்டும். ஏற்பாடு இதுதான்.

முதல் சனிக்கிழமை வரை இந்த ஏற்பாடு நடந்தது. அன்று அம்பாங்கிலிருந்து அத்தை வந்தார். அத்தையிடம் விரதக் கதைகள் ஏராளம். அவருக்குத் தெரிந்த ஒருவர் அலகு குத்திக்கொண்டாராம். அவர் வீட்டுப் பிள்ளை யாருடைய பிறந்தநாளிலோ கேக் தின்றுவிட்டதாம். கேக்கில் முட்டை. வேல் இறங்கிய இடத்தில் ரத்தம் நிற்கவே இல்லையாம். வீட்டில் ஓர் ஆள் தப்பு செய்தாலும் மொத்த வேண்டுதலும் போயிற்று என்று சொல்லிவிட்டு அத்தை வெங்காயம் இல்லாத சாம்பாரைப் பிசைந்து சாப்பிட்டார். நான் நிமிர்ந்து ஹாலைப் பார்த்தேன். ஓர் ஆள் இல்லை. எட்டுப் பேர் அசைவம் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். ஊட்டிவிட்டது நான்.

மறுநாளிலிருந்து மக்சிக் வீட்டிலிருந்து எடுத்த இறால் பின்சந்தில் மக்சிக்கின் பூனைக்கே போயிற்று. பயலுங்களுக்கு வெள்ளரிக்காயும் வேகவைத்த பட்டாணியும் போட்டேன். அவர்கள் தின்றார்கள். வெள்ளரித் துண்டின் நடுச்சதையைத் தோண்டித் தின்று, பச்சை வளையத்தை மட்டும் மிச்சம் வைத்தார்கள். 'டிக்' சத்தம் மட்டும் நின்றுபோனது. இறால் போட்டியா என்று அப்பா கேட்கும்போதெல்லாம் போட்டேன் என்றேன். பொய் சொல்வது விரதத்துக்குக் குற்றமா என்று அத்தையின் கதைகளில் எதுவும் இல்லாதது எனக்கு வசதியாகப் போயிற்று.

இப்படி மூன்று வாரம் ஆனபிறகு ஒருநாள் காலையில் அப்பா, தொட்டியில் தண்ணிதான் தெரியுது என்றார். நான் தலையணை உயரத்துக்குக் குனிந்து பார்த்தபோதுதான் எனக்கும் விளங்கியது. கட்டிலின் கால்மாட்டுப் பலகை தொட்டியின் கீழ்ப்பாதியை மறைத்துக்கொண்டிருந்தது. படுத்திருப்பவருக்கு மேல்பாதி மட்டுமே தெரியும். பயலுங்க இருப்பதோ தரையில். இத்தனை நாளாக அப்பா வெறும் தண்ணீரைப் பார்த்துக்கொண்டு, சத்தத்துக்குக் காதைக் கொடுத்துக்கொண்டு கிடந்திருக்கிறார்.

கட்டிலைத் திருப்பிப்போட ஹாலில் இடமில்லை. அதனால் அப்பா இத்தனை வருஷமாகச் செய்யாத ஒன்றைச் செய்ய முடிவெடுத்தார். பயலுங்களுக்கு மேல்தண்ணீரில் கூட்டாளி சேர்ப்பது. அவருக்கு அதில் விருப்பமே இருந்ததில்லை. லோச்சுக்கு லோச்சுதான் கூட்டாளி, ஐந்தாறு பேர் சேர்ந்து இருந்தால் அவர்களுக்கு வேறு யாரும் வேண்டாம் என்பார். இப்போது என்னை நோட்டை எடுத்துவரச் சொல்லி, மூச்சு வாங்க வாங்க ஒரு பட்டியல் சொன்னார். பயலுங்க வாயில் நுழைகிற சின்ன மீன் வேண்டாம். பயலுங்களையே விழுங்கப் பார்க்கிற பெரிய மீனும் வேண்டாம். தரையில் இடம் பிடித்துச் சண்டைபோடுகிற சாதி வேண்டவே வேண்டாம். உப்புத் தண்ணீர் கேட்கிற மீன் ஆகாது, பயலுங்களுக்குச் செதில் பேருக்குத்தான் இருக்கிறது, உப்பு சுட்டுவிடும். நத்தையும் இறாலும் கூட்டாளி இல்லை, அதெல்லாம் சாப்பாடு. பிறகு சற்று நேரம் கண்ணை மூடியிருந்துவிட்டு, இதுதான் முக்கியம் என்று சொன்னார்.

"நீட்டு வாலு, மெதுவா நீந்துறது, இந்த ரெண்டும் வேணாம்மா. பயலுங்க கெட்டவனுங்க இல்ல. ஆனா முன்னால துணி மாதிரி ஒன்னு ஆடுனா கடிச்சுப் பாப்பானுங்க."

கடைசியில் மீனின் பெயரையும் அவரே சொல்லிவிட்டார். லம்பாம், ஆறு. சின்ன வயதில் டெங்கில் என்ற ஊருக்குப் பக்கத்து ஆற்றில் அவர் தூண்டில் போட்டுப் பிடித்த மீன். வெள்ளி உடம்பு, சிவப்பு வால், நல்ல வேகம், கூட்டமாகச் சுற்றும். பயலுங்களோடு ஒத்துப்போகும். நான் எல்லாவற்றையும் அழகான கையெழுத்தில் எழுதினேன்.

அன்று மாலை சித்தப்பா என்னை மீன் கடைக்குக் கூட்டிப்போனார். சித்தப்பாவுக்கு மீன் என்றால் தட்டில் இருக்கவேண்டும். கடை வாசலிலேயே யாரிடமோ போனில் பேச ஆரம்பித்தார்.

"ஒங்கப்பா என்ன சொன்னாரோ அத எடு லா. நான் காசு குடுக்குறேன்."

லம்பாம் தொட்டி முதல் வரிசையிலேயே இருந்தது. அப்பா சொன்னது போலவே இருந்தன, வெள்ளித் தகடாக மின்னின. நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே கடைக்காரர், வயதான சீனர், பக்கத்துத் தொட்டியில் செத்துக்கிடந்த ஒரு குட்டி மீனை வலையில் அள்ளி லம்பாம்களுக்குப் போட்டார். கண்மூடித் திறப்பதற்குள் அது இல்லை. எட்டு அசைவக்காரர்களை அரும்பாடுபட்டுத் திருத்தி வைத்திருக்கிற வீட்டுக்கு இன்னும் ஆறு பேரை எப்படிக் கூட்டிப்போவது? அம்மாவின் விரதம் முடிய இன்னும் கிட்டத்தட்டப் பாதி நாள் இருந்தது.

நான் கடையைச் சுற்றிவந்தேன். மூலைத் தொட்டியில் தங்கமீன்கள். உருண்டை உடம்பு, பின்னால் முந்தானை மாதிரி நீண்ட வால். அவற்றுக்குக் கடைக்காரர் தோலுரித்த பச்சைப் பட்டாணி போட்டிருந்தார். நிதானமாக, ஒன்றையொன்று இடிக்காமல் தின்றுகொண்டிருந்தன. சைவ மீன். அதுவரை எனக்கு அப்படி ஒன்று உலகத்தில் இருக்கும் என்றே தெரியாது. இது சாயோர், அதாவது காய்கறி, தின்னுமா என்று மலாயில் கேட்டேன். சாயோரும் தின்னும் என்றார். அவர் சொன்ன 'உம்'மை நான் காதில் வாங்கிக்கொள்ளவில்லை.

நீட்டு வாலு வேண்டாம் என்று என் கையிலிருந்த நோட்டில் என் கையெழுத்திலேயே இருந்தது. நான் அதை மறக்கவில்லை. யோசித்துத்தான் முடிவெடுத்தேன். அப்பா சொன்னது பழைய பயலுங்களைப் பற்றி. மூன்று வாரமாக வெள்ளரிக்காய் தின்று அவர்கள் சைவமாகிவிட்டார்கள், இனி வாலைக் கடிக்க அவர்களுக்குத் தோன்றாது. கோயிலில் மாலை போட்டுக்கொண்ட மறுநாளே தெருவில் சில அங்கிள்மார் தண்ணி அடிப்பதை நிறுத்தி வேறு ஆளாக மாறுவதை நான் பார்த்திருக்கிறேன். மனிதர் மாறும்போது மீன் மாறாதா? வீட்டில் என்ன மீன் இருக்கிறது என்று கடைக்காரர் கேட்டார். லோச் என்றேன். அவர் தலையை ஆட்டிக்கொண்டு, விரல்களைக் கத்தரிபோல ஆட்டிக்காட்டினார். இது வேறு தொட்டிக்கு என்று சொன்னேன். சித்தப்பாவிடம், அப்பா சொன்னது இதுதான் என்றேன். நான்கு தங்கமீன்கள் பிளாஸ்டிக் பையில் என் மடியில் வீட்டுக்கு வந்தன.

மேல்தண்ணீரில் அவை இறங்கியபோது அப்பா தலையணையில் கொஞ்சம் எழும்பி உட்காரப் பார்த்தார். லம்பாம் இல்லையா என்று கேட்டார். தீர்ந்துவிட்டதாம் என்றேன். நோட்டில் எழுதியதை அவர் நினைவுபடுத்தவில்லை. நெடுநேரம் பார்த்துக்கொண்டே இருந்தார். தொட்டி விளக்கு அந்த வால்களுக்குள் புகுந்து வரும்போது ஹால் சுவரெல்லாம் லேசாகச் சிவந்தது. அழகாத்தான் இருக்கு என்றார். பிறகு சித்தப்பாவைக் கூப்பிட்டு, நீட்டு வாலுக்காரங்களுக்கு ஓட்டம் ஆகாது, பம்பின் வேகத்தைக் குறைத்து வை என்றார். என்னைப் பார்த்து, மெல்லச் சொன்னார்:

"இனிமே பயலுங்களுக்கு ரெண்டு வேள எறா போடும்மா. கீழ இருக்கிறவனுக்கு வயிறு நெறஞ்சிருந்தா மேல பாக்கமாட்டான்."

சரிப்பா என்றேன். மக்சிக்கின் பூனை அன்றிலிருந்து இரண்டு வேளை சாப்பிட்டது.

மூன்று நாள் எல்லாம் நன்றாக இருந்தது. அந்த மூன்று நாளை நான் பொய் என்று சொல்லமாட்டேன். அப்பா காலையில் கண் விழித்ததும் தொட்டியைப் பார்த்தார். நான்கு மீனுக்கும் அவர் எங்கள் குடும்பத்தில் உள்ளவர்களின் சாடையைக் கண்டுபிடித்துச் சொன்னார். அகலமாக, எல்லோருக்கும் முன்னால் போய் வாயைத் திறக்கிறது அத்தையாம். அம்மாவுக்கு எத்தனையோ நாளுக்குப் பிறகு சிரிப்பு வந்தது. அந்த மூன்று நாளும் அவள் என்னை உப்பு வாங்க அனுப்பவில்லை.

நான்காம் நாள் காலை. அம்மா ஈரத் தலையோடு சாமிப் படத்துக்கு முன்னால் விளக்கேற்றிக்கொண்டிருந்தாள். நான் அப்பாவின் கட்டில் அருகில் தரையில் உட்கார்ந்திருந்தேன். 'டிக்' என்று கேட்டது. இன்னொன்று. பிறகு வரிசையாக.

"கேக்குதா?" என்றார் அப்பா. "எத்தன நாளாச்சு. நல்லாச் சாப்புடுறானுங்க."

நான் எழுந்துபோய்க் கண்ணாடியில் முகத்தை வைத்துப் பார்த்தேன். கால்மாட்டுப் பலகை மறைக்கிற கீழ்ப்பாதியில், மரக்கட்டைக்கு அருகில், ஒரு தங்கமீன் மணல்மேல் சாய்ந்திருந்தது. அதன் வால் இருந்த இடத்தில் வால் இல்லை. உயிர் இருந்தது, வாயைத் திறந்து திறந்து மூடியது. நான்கைந்து பேர் அதைச் சுற்றி நின்று, மாறி மாறி, எந்தப் பகையும் இல்லாமல், வெள்ளரிக்காய்க்கு வருவதைப் போலவே வந்து கடித்தார்கள். ஒவ்வொரு கடிக்கும் சத்தம் வந்தது. அம்மா மணியடித்துக்கொண்டிருந்தாள்.

நல்லாச் சாப்புடுதுங்களா என்று அப்பா மறுபடியும் கேட்டார். ஆமாப்பா என்றேன். விரத வீட்டில், விளக்கு எரியும்போது, உயிரோடு ஒன்றைத் தின்கிறார்கள். அதைக் கொண்டுவந்து விட்டவள் நான். அத்தை சொன்ன கேக்குக்காரப் பிள்ளை என் பக்கத்தில் வரமுடியாது.

அம்மா சமையலறைக்குப் போனதும் அந்த மீனை வலையில் எடுத்தேன். பின்சந்தில் கால்வாய் ஓரம் புதைத்தேன். திரும்பிவந்தபோது, மூணுதான் தெரியுது என்றார் அப்பா. கட்டைக்குப் பின்னால் ஒன்று இருக்கிறது என்றேன். அவர் என்னையே கொஞ்ச நேரம் பார்த்தார்.

"இன்னிக்கு எறா நெறையப் போடும்மா" என்று மட்டும் சொன்னார்.

நான் மக்சிக் வீட்டுக்குப் போய் இறால் எடுத்து, உரித்து, நறுக்கினேன். கிண்ணத்தோடு பின்சந்தில் நின்றேன். பூனை காலை உரசிக்கொண்டு நின்றது. போட்டால் மிச்சம் மூன்றும் பிழைக்கும், அப்பாவுக்குப் பார்க்க ஏதாவது இருக்கும். ஆனால் நடந்தது பயலுங்க செய்த தப்பு. இதைப் போட்டால் நானே என் கையால் விரதத்தை முறித்ததாகும். விரதம் முறிந்தால் அப்பா பிழைக்கமாட்டார். அழுதேன். கடைசியில் மீனா அப்பாவா என்று என்னை நானே கேட்டுக்கொண்டு, கிண்ணத்தைப் பூனையின் முன்னால் வைத்தேன்.

அந்த வாரம் முடிவதற்குள் மற்ற மூன்றும் ஒவ்வொன்றாகக் கீழே இறங்கின. அப்பா எதையும் எண்ணவில்லை. வெறும் தண்ணீரைப் பார்த்தபடி படுத்திருந்தார். இன்றுவரை எனக்குத் தாங்காதது அதுதான். பார்க்க ஏதாவது வேண்டும் என்று அவர் கேட்டார். லம்பாம் கடையில் மின்னிக்கொண்டிருந்தது. நான் வெறும் தண்ணீரைத் திருப்பிக் கொடுத்தேன்.

வீட்டுக்கு வந்து பார்க்கும் நர்ஸ் அடுத்த வாரத்திலிருந்து மருந்தைக் கூட்டவேண்டியிருக்கும், வலி இதற்குமேல்தான் என்று அம்மாவிடம் சொல்லிவிட்டுப் போனார். அதற்கு இரண்டு நாள் கழித்து, ஒரு காலையில், அப்பா பாதிக் கப் தேத்தண்ணி குடித்தார். நல்லா இருக்கு என்றார். தலையணையைச் சரிசெய்ய அம்மா கையைக் கொடுத்தபோது அந்தக் கையிலேயே தலையைச் சாய்த்துக்கொண்டார். தூங்கிவிட்டார் என்று நினைத்து அம்மா கையை எடுக்காமல் அப்படியே நின்றுகொண்டிருந்தாள். நெடுநேரம் கழித்துத்தான் என்னைப் பார்த்து, சித்தப்பாவுக்குப் போன் போடு என்றாள். தைப்பூசத்துக்கு இரண்டு வாரம் இருந்தது.

தீட்டு என்பதால் அந்த வருஷம் யாரும் பத்துமலைக்குப் போகவில்லை. காரியத்துக்கு வந்த கூட்டத்தில் தொட்டிமேல் ஒரு பழைய சேலையைப் போட்டு மூடியிருந்தார்கள். பதினாறாம் நாள் முடிந்தபிறகு சித்தப்பா பயலுங்களைக் கடைக்காரரிடமே கொண்டுபோய் விட்டார். நான் போய்வாருங்கள் என்று சொல்லவில்லை, திரும்பியும் பார்க்கவில்லை. அம்மாவிடம் உண்மையைச் சொல்லிவிட எத்தனையோ முறை பக்கத்தில் போய் நின்றேன். என்னம்மா என்று அவள் கேட்டதும் பசிக்குது என்று சொல்லிவிடுவேன். உடனே எழுந்து ஏதாவது செய்து தருவாள். அந்த வருஷம் எனக்கு எடை கூடியது. அப்பாவை இழந்த பிள்ளை எப்படியோ தேறிவருகிறது என்று அத்தை எல்லோரிடமும் சொன்னார்.

அடுத்த வருஷம் டிசம்பர் வந்தது. அம்மா பாத்திரங்களை மஞ்சள் போட்டுக் கழுவத் தொடங்கினாள். நான் சமையலறை வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். எனக்குக் கோபமாக வந்தது. முருகன் கேட்டதைக் கொடுக்கவில்லை. கொடுக்காததற்குக் காரணம் நான், அது வேறு விஷயம். ஆனால் கொடுக்காதவருக்கு எதற்குப் பால்குடம்? கேட்டது கிடைத்தவர்கள்தானே நேர்த்திக்கடன் செலுத்துவார்கள்? அம்மா நாற்பத்தெட்டு நாளும் தரையில் படுத்தாள். நானும் பேசாமல் பக்கத்தில் பாயைப் போட்டுக்கொண்டேன்.

தைப்பூசத்தன்று பத்துமலை அடிவாரத்தில் கூட்டம் நகராமல் நின்றது. அம்மா மஞ்சள் சேலையில், தலையில் பால்குடத்தோடு நின்றாள். நான் அவள் முந்தானையைப் பிடித்திருந்தேன். சித்தப்பா தண்ணீர்ப் போத்தலோடு பின்னால் நின்றார். எங்கள் பக்கத்தில் வயிற்றுப்பிள்ளைக்காரி ஒருத்தியும் பால்குடம் எடுத்திருந்தாள். குழந்தை வரம் கேட்டு, கிடைத்துவிட்டதாம். நிற்கிற நேரத்தில் அம்மாவிடம் பேச்சுக் கொடுத்தாள்.

"யாருக்காக எடுக்குறீங்கக்கா?"

"வீட்டுக்காரருக்கு."

"இப்ப நல்லாயிட்டாரா?"

அம்மா குடத்தைப் பிடித்திருந்த கையை மாற்றிக்கொண்டாள்.

"போயிட்டாரும்மா, போன வருஷம். டாக்டர் மொதல்லயே கைய விரிச்சிட்டாங்க. வலி முத்துறதுக்குள்ள, எங்க வீட்டுலயே, என் கையில போகணும்னு கேட்டேன். கேட்ட மாதிரியே குடுத்தான்."

அந்தப் பெண் தன் குடத்தை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, மறு கையால் அம்மாவின் தோளைத் தொட்டாள். கூட்டம் நகர்ந்தது. நாங்கள் படியேறத் தொடங்கினோம்.

எனக்கு முகம் சுட்டது. அப்படியும் ஒரு வேண்டுதலை ஒரு பெண் தன் புருஷனுக்காகக் கேட்பாள் என்பது பதினொரு வயதில் எனக்குத் தோன்றவே இல்லை. முருகனின் மானத்தைக் காப்பாற்ற, முன்பின் தெரியாத ஒருத்தியிடம் அம்மா பொய் சொல்கிறாள் என்றுதான் நினைத்தேன். நான் விரதத்தைக் கெடுத்ததால் அல்லவா அவளுக்கு இந்த நிலைமை? மேலே குகைக்குள் பால் ஊற்றும்போது அம்மா கண்ணை மூடி, உதடு அசையாமல் நின்றாள். நான் அவளுக்குப் பக்கத்தில் கைகூப்பி நின்று, எங்கம்மா சொன்ன பொய்யை மன்னித்துவிடு என்று வேண்டிக்கொண்டேன்.